போகச் சொல்லும் காபி

ஸும்ரா மேடத்துக்குக் கிடைக்காத சரக்கு என்று ஒன்று இந்த உலகத்தில் இருந்ததில்லை. நாடு முழுக்கக் காபிக்கொட்டைக்கு அலைந்த வருஷத்தில் எங்கள் பூட்ஸ் ஃபாக்டரி கேன்டீனில் காபி மணந்தது. பசைக்குத் தட்டுப்பாடு வந்து பாதி யுகோஸ்லாவியாவில் செருப்புப் பட்டறைகளை இழுத்து மூடியபோது, எங்கள் கிடங்கில் பசை டின்கள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. அவர் கொள்முதல் பிரிவின் தலைவி. நான் ரஸிம், லாரி ஓட்டுநர். லாரி ஃபாக்டரிக்குச் சொந்தம், ஃபாக்டரி தொழிலாளர்களுக்குச் சொந்தம் என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். எல்லாமே மேடத்துக்குத்தான் சொந்தம் என்பது கேட்டில் படுத்திருந்த நாய்க்குக்கூடத் தெரியும்.

அவருடைய வித்தை என்னவென்று கேட்டால், சும்மா உட்கார்ந்திருப்பது. சிரிக்காதீர்கள். எங்கள் பொஸ்னியாவில் விருந்தாளிக்கு மூன்று காபி. வந்ததற்கு ஒன்று. பேசுவதற்கு ஒன்று. மூன்றாவது, 'சரி, கிளம்புங்கள்' என்பதற்கு. எழுந்து போ என்று எந்த வீட்டுக்காரர் வாயும் சொல்லாது, அந்தக் கோப்பை சொல்லும். மானம் ரோஷம் உள்ளவன் அதைக் குடித்த கையோடு எழுந்துவிடுவான். மேடம் எழுந்திருக்க மாட்டார். நாட்டின் ஒரு கோடி மாரிபோரிலிருந்து மறுகோடி ஸ்கோப்யே வரை எத்தனை மேனேஜர்கள் அந்த மூன்றாவது காபியைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள்! நிதானமாகக் குடித்து முடிப்பார், தட்டைத் தள்ளி வைப்பார், "அப்புறம், பசங்க எப்படி இருக்காங்க?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். கடைசியில் அந்த ஆள் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தன் அறையிலிருந்து தானே வெளியே ஓடிவிடுவான்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து வசந்தத்தில் மேடத்தைத் தேடிக்கொண்டு பி.டி. வாத்தியார் முனிப் வந்தார். விளையாட்டுக் கால்சட்டையும் கழுத்தில் விசிலுமாக அப்படியே வந்திருந்தார். கிறிஸ்தவ செர்பியர்களோடு சண்டை மூண்டால் ஊரைக் காக்க ஒரு குழு என்று அமைத்து, எங்கள் முஸ்லிம் பையன்களை அதில் சேர்த்து, அவரே தலைவர் ஆகியிருந்தார். டெலிவிஷனில் வேறு வேறு ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் ரொட்டிக்கடை திறந்திருந்தது, ஆற்றில் வழக்கம்போல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், துப்பாக்கி வேணும்" என்றார் வாத்தியார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன மாடல்? தோட்டா என்ன அளவு?"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சுடறமாதிரி இருந்தாச் சரி."

"வாத்தியாரே, பூட்ஸ் வேணும்னா நாப்பதா நாப்பத்திரண்டான்னு கேக்கறேன்ல? இதுக்கும் கேப்பேன். வேணாம், எனக்கு இது பழக்கமில்லாத சரக்கு. நம்ம ஊர்ல யாரு யாரைச் சுடப்போறா? ஈஸ்டருக்கு அவங்க குடுக்கற சிவப்பு முட்டையைத் தின்னுதானே நம்ம பசங்க வளந்தானுங்க?"

"அதே முட்டையைக் குடுத்தவங்கதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் மணல் மூட்டை அடுக்கறாங்க. நம்ம பக்கம் வேட்டைத் துப்பாக்கியும் மண்வெட்டிக் காம்புமா நிக்கிறோம்." வாத்தியார் விசிலைச் சுழற்றிக்கொண்டே தரையைப் பார்த்தார். "உங்க ஷேஃபிக்கும் அங்கதான் நிக்கிறான் மேடம். கையில காம்புதான்."

ஷேஃபிக் மேடத்தின் ஒரே பிள்ளை. அப்பா இல்லாத பையன். ராணுவச் சேவை முடித்துவிட்டு வந்து ஃபாக்டரியிலேயே தோல் வெட்டும் மிஷினில் வேலை பார்த்தான். அவன் சாயங்காலங்களில் சீட்டாடப் போகிறான் என்று மேடம் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியாது. இப்போது கேட்டதும் அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது.

அன்றைக்கே அவன் துணிமணியைப் பெட்டியில் அடுக்கி என் லாரியில் ஏற்றினார். சண்டை இல்லாத மாரிபோரில் அவன் அத்தை இருந்தாள். ஷேஃபிக் வந்தான், பெட்டியைத் தூக்கி இறக்கினான், வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான்.

"எல்லாரும் அவங்கவங்க அத்தை வீட்டுக்குப் போயிட்டா பாலத்துல யாரும்மா நிப்பா?"

"யாரோ நிக்கட்டும்! நான் உன்னை நிக்கறதுக்கா பெத்தேன்?"

"அந்த யாரோவுக்கும் ஒரு அம்மா இருப்பாங்கல்ல."

மேடம் கத்தினார், அழுதார், அடிக்கக்கூட கை ஓங்கினார். அவன் சிரித்துக்கொண்டே ஓங்கிய கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். எந்த மேனேஜரையும் உட்கார்ந்தே மடக்குகிற பெண்பிள்ளைக்குத் தன் பிள்ளையை மடக்க வழி தெரியவில்லை. வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிக்கத்தான் போறான்னா வெறுங்கையோட நிக்க வேணாம். யோவ் ரஸிம், வண்டியை எடு."

முதலில் சந்தையில் வெளிநாட்டுக் கார் வைத்திருந்த ஒருவனிடம் போனோம். கழுத்தில் தங்கச் சங்கிலி, வாயில் பல்குச்சி. பெட்டியைத் திறந்து காட்டினான். மேலே பளபளவென்று ஒரு துப்பாக்கி, வைக்கோலுக்குள் அடுத்தது தெரிந்தது. மேடம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை அடிவரை நுழைத்தார். ஒவ்வொரு தோலையும் நகத்தால் கீறிப் பார்த்து வாங்குகிற கை அது. வெளியே வந்தபோது கையில் ஒரு செங்கல் இருந்தது.

"இதுக்கு எத்தனை குண்டு போடணும் தம்பி?" என்று கேட்டார். பல்குச்சிக்காரன் காரில் ஏறிப் போய்விட்டான். திரும்பும் வழியெல்லாம் மேடம் பொருமிக்கொண்டே வந்தார். "தெரியாதவன்கிட்ட வாங்கப் போன என் புத்தியைச் செருப்பால அடிச்சுக்கணும். பத்து வருஷம் கூட உக்காந்து காபி குடிச்சவன்கிட்டத்தான்யா வாங்கணும்." பிறகு சட்டென்று, "கூம்!" என்றார்.

கூம் என்றால் குழந்தைக்கு முதல் முடி இறக்குகிறவர். எங்கள் வீடுகளில் பலபேர் இதற்கு வேற்று மதத்துக்காரரையே தேடிப்பிடித்துக் கூப்பிடுவார்கள். ஒருமுறை கத்தரிக்கோல் பட்டுவிட்டால் அப்புறம் அது ரத்த உறவுக்கு மேல். நாம் அவரைக் 'கூமே' என்போம், அவர் குழந்தையின் தாயைக் 'கூமோ' என்பார். கூம் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. கூம் கொடுத்ததை எண்ணிப் பார்ப்பதுகூட அவமரியாதை. ஷேஃபிக்கின் கூம் விதோயே, செர்பியர். முன்பு எங்கள் கிடங்கில் வேலை பார்த்தவர், பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலைமேல் இருந்த ராணுவக் கிடங்கில் பொறுப்பாளராகப் போனார். ஷேஃபிக்கின் அந்த முதல் முடிக்கற்றையைத் தன் வீட்டுச் சாமிபடத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார்.

நோன்பு முடிந்து பைராம் பண்டிகைக்குச் செய்த, பாகில் ஊறிய பக்லாவா ஒரு தட்டம் மீதி இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு மேடம் லாரியில் ஏறினார். பாலத்தின் இந்தப் பக்கம் எங்கள் பையன்கள், அந்தப் பக்கம் அவர்கள் பையன்கள். இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கூம் வீட்டுக்குப் பலகாரம்" என்றதும் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். பயமாக இருந்தது, ஆனால் சிரிப்பும் வந்தது.

விதோயே வாசலுக்கு வந்தார். கனத்த உருவம், மெதுவான ஆள். மேடத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அப்படியே வாடிவிட்டது.

"ஸ்தானா எங்க கூமே? பக்லாவான்னா உயிரை விடுவாளே." மேடம் அவர் மனைவியைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அவளை மக வீட்டுக்கு அனுப்பிட்டேன் கூமோ. செர்பியாவுக்கு. காத்து மாறினா உடம்புக்கு நல்லதுன்னு." இதைச் சொல்லிவிட்டு மேடத்தின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் பக்லாவாவை வைக்க மேஜையில் இடம் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் காபியை அவரே போட்டுக் கொடுத்தார். கொஞ்சம் தீய்ந்திருந்தது. மேடம் ஊர்க்கதை பேசினார், ஃபாக்டரிக் கதை பேசினார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கூமே, எனக்கு ஒண்ணு வேணும்."

"கேக்காதீங்க கூமோ."

"இத்தனை வருஷத்துல உங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா? நீங்க முடியெடுத்த பிள்ளை காம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். அவனுக்கும் கூட நிக்கிற பசங்களுக்கும் துப்பாக்கி வேணும். கிடங்குச் சாவி உங்ககிட்டத்தானே இருக்கு?"

விதோயேயின் பார்வை உள்ளறைக் கதவுக்குப் போனது. அப்போதுதான் அது திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சார்ஜென்ட் வந்தான். சட்டைப் பொத்தான்கள் கழன்றிருந்தன, தூங்கி எழுந்த முகம். காலில் பூட்ஸ் இல்லை, காலுறையின் ஓட்டையிலிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது. விதோயேயின் மச்சான், ஸ்தானாவின் தம்பி கோய்கோ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கோய்கோ சிரித்தான். "என்ன அத்தான், கூம் வீடு தேடி வந்து கேக்கறாங்க. இல்லேன்னா சாமி கண்ணைக் குத்தாதா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பயப்படாதீங்க மேடம். ராணுவமே கலையப் போவுது. கிடங்குல இருக்கறதை ஆளாளுக்கு அள்ளிட்டுப் போறானுங்க. உங்களுக்குக் குடுத்தா என்ன குறைஞ்சு போச்சு? எங்க பசங்களுக்குத்தான் காலுக்கு ஒண்ணுமில்ல." பெருவிரலை ஆட்டிக் காட்டினான். "நீங்க பூட்ஸ் குடுங்க. நாங்க துப்பாக்கி குடுக்கறோம். யாரும் யாருக்கும் கடன்பட வேணாம்."

விதோயே எழுந்து அடுப்புக்குப் போனார். நீளக் கைப்பிடிச் செம்புக் குவளையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. கொண்டுவந்து மேடத்தின் முன்னால் வைத்தார். சிறிய கோப்பையில், பாதி அளவு, சர்க்கரைக் கட்டி இல்லாமல். அது போகச் சொல்லும் காபி. பேசுகிற காபி வரவேயில்லை, நேரே இது வந்துவிட்டது.

எனக்குச் சட்டென்று பாதி உடம்பு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டது. மேடம் என் சட்டை நுனியைப் பிடித்து உட்காரவைத்தார். காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "பூட்ஸ் தைச்சு ரெடியா இருக்கு. என்ன அளவுல எவ்வளவு வேணும்னு சொல்லுங்க தம்பி" என்று கோய்கோவிடம் ஆரம்பித்துவிட்டார். இருவரும் பேரம் பேசினார்கள். கோய்கோ நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். விதோயே மறுபடி அடுப்புக்குப் போனார். மறுபடியும் ஒரு சிறு கோப்பை, பாதி அளவு. வைக்கும்போது தட்டில் சிந்தியது. அந்தக் கனத்த மனிதர் மேடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை.

"ஷேஃபிக்கை அவன் அத்தை வீட்டுக்கு அனுப்பக் கூடாதா கூமோ?"

"போகமாட்டேங்கிறானே! போனா நான் ஏன் இங்க வர்றேன்?"

"நீங்களும் கூடப் போனா அவன் வருவான்."

"நான் போயிட்டா ஃபாக்டரியை யாரு பாக்கறது, நீங்களா?" மேடம் சிரித்தார். கோய்கோவும் சிரித்தான். விதோயே சாமிபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லாரியில் நான் சொன்னேன். "மேடம், நடுக் காபியே வரல. ரெண்டு தடவை போகச் சொல்லிட்டார் மனுஷன். எனக்கு என்னமோ சரியாப் படல."

"யோவ், பொண்டாட்டி ஊர்ல இல்லாத ஆம்பளைக்கு முறை எங்கய்யா தெரியும்? அடுப்புப் பக்கம் போனதே இன்னைக்குத்தான் இருக்கும். போகச் சொல்ற காபிக்கெல்லாம் எழுந்திருந்தா இந்த ஃபாக்டரி எப்பவோ மூடியிருக்கும்." காற்றில் முடியை ஒதுக்கிக்கொண்டு அவர் ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தார். காரியம் முடிந்த சந்தோஷம். நானும் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். ஓட்டுகிறவன் சொல் எங்கே அம்பலம் ஏறும்?

பூட்ஸ்களைக் கட்டும்போது நான் விளையாட்டாக, "எல்லாத்தையும் இடது காலாவே போட்டு அனுப்பிடலாமா?" என்று கேட்டேன். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேடம் கையிலிருந்த அட்டையால் என் முதுகில் ஒன்று போட்டார்.

"கூம் கை மாத்துற சரக்குய்யா இது. ஒரு தையல் பிரிஞ்சிருந்தாலும் என் முகத்தை எங்க வெச்சுக்கறது?" ஒவ்வொரு ஜோடியாகக் கையை விட்டுப் பார்த்து, அளவு வாரியாகப் பிரித்து, உள்ளே காகிதம் திணித்து அடுக்கினார். ஏற்றுமதிக்குக்கூட அப்படிப் பார்த்துக் கட்டியதில்லை. இரட்டைத் தையல், கனத்த அடிப்பாகம், தண்ணீர் இறங்காத தோல்.

மலைப்பாதையில் மூடிக்கிடந்த மரப்பட்டறை ஒன்றில் சரக்கு மாற்றினோம். மத்தியான வெயில். பிளம் மரங்கள் அப்போதுதான் பூத்திருந்தன. ஏற்றி இறக்க ஷேஃபிக் எங்களோடு வந்தான். கோய்கோவோடு நாலைந்து சிப்பாய்கள் வந்திருந்தார்கள், தோளில் துப்பாக்கியோடு சும்மா நின்று புகை பிடித்தார்கள். விதோயே ஷேஃபிக்கைப் பார்த்ததும் கிட்டே வந்து அவன் தலைமுடிக்குள் கையை விட்டார்.

"காடு மாதிரி வளத்து வெச்சிருக்கே. வெட்டிக்கலையா?"

"நீங்க வெட்டினாத்தான் கூமே. மத்தவன் கை ராசியில்ல."

விதோயே ஒரு கற்றையை விரலிடுக்கில் பிடித்தார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

நீளமான மரப்பெட்டிகளை லாரியில் ஏற்றியாயிற்று. ஷேஃபிக் கடப்பாரையை எடுத்து ஒரு மூடியின் இடுக்கில் வைத்தான். மேடம் எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவன் கையில் பட்டென்று அடித்தார்.

"என்னடா பண்றே? கூம் கொண்டாந்த பெட்டியை அவர் முன்னாடியே பிரிச்சுப் பாப்பியா? இதையாடா நான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

"பாக்கட்டும் கூமோ" என்றார் விதோயே. "பையன் பிரிச்சுப் பாக்கட்டும். வாங்கறவங்க பாத்துத்தானே வாங்கணும்."

"உங்க பெட்டியையா? அப்புறம் அந்தக் கத்தரிக்கோலுக்கு என்ன மரியாதை?"

"தப்பா நினைக்க மாட்டேன். நான்தானே சொல்றேன், பிரிங்க." நெற்றியில் வேர்த்திருந்தது. சிப்பாய்களில் ஒருவன் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான்.

"நீங்க சொல்வீங்க, உங்க பெருந்தன்மை. நான் செய்யக் கூடாது, அது என் மரியாதை." மேடம் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நல்லா இருங்க கூமே. என் பிள்ளைக்கு ரெண்டாம் தடவை உசுரு குடுத்திருக்கீங்க."

கோய்கோ ஒரு மரத்துண்டில் உட்கார்ந்து புது பூட்ஸை மாட்டித் தரையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அளவெடுத்த மாதிரி இருக்கு. மேடம்னா மேடம்தான்!" என்றான். சந்தைக்காரனின் பெட்டியில் அடிவரை கை நுழைத்த அதே பெண்பிள்ளை இங்கே ஒரு மூடியைக்கூடத் திறக்கவில்லை. பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அங்கேயே சுட்டிருப்பார்கள். ஒருவேளை லாரியை அப்படியே திருப்பி, தாயையும் பிள்ளையையும் மாரிபோர் வரை ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். எத்தனை தடவை நினைத்தாலும் லாரி அந்த இடத்திலிருந்து வீட்டுப் பக்கம்தான் திரும்புகிறது.

பெட்டிகளைப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் இறக்கினோம். வாத்தியார் முனிப் ஒவ்வொருவனையும் கட்டிப்பிடித்தார். யாரும் சுட்டுப் பார்க்கக் கூடாது, சத்தம் கேட்டால் எதிர்ப்பக்கத்துக்குச் சாக்கு கிடைத்துவிடும் என்று உத்தரவு போட்டார். பையன்கள் தரையில் உட்கார்ந்து கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் ராணுவச் சேவை முடித்தவர்கள், துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரிப்பார்கள். மேடம் ஒரு பெரிய தட்டம் நிறையக் கறி அடைத்த பீட்டாவோடு வந்தார், ஒவ்வொருவன் வாயிலும் ஊட்டாத குறை. ஷேஃபிக்தான் முதலில் நிறுத்தினான். துப்பாக்கியின் உள்பாகத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். விசையை இழுத்தால் முன்னால் பாய்ந்து தோட்டாவின் முதுகில் அடிக்கிற ஊசி ஒன்று உண்டு. அதன் முனை இல்லை. அரத்தால் ராவி எடுத்திருந்தார்கள். ராவிய இடம் புதுச் சில்லறை போல மின்னியது.

பக்கத்தில் இருந்தவன் தன்னுடையதைப் பார்த்தான். அடுத்தவனும் பார்த்தான். கூடம் முழுக்கக் கிளிக் கிளிக்கென்று சத்தம். எல்லாவற்றிலும் அதே கதை.

மேடம் அந்த ஊசியை வாங்கி, தோலைப் பார்ப்பது போலப் பெருவிரல் நகத்தால் தடவினார். பிள்ளைகள் தாண்டிக் குதித்துப் பழகுகிற மரப்பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பிரிங்கன்னாரே. ரெண்டு தடவை பிரிங்கன்னாரே, ரஸிம்."

"காபியும் ரெண்டு தடவை" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. நாக்கில் சனி.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். எழுந்து ஆபீஸ் அறைக்கு ஓடினார், விதோயே வீட்டுக்குப் போன் சுழற்றினார். இணைப்பு செத்துப்போயிருந்தது. பாலத்துக்கு என்னை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். அந்தப் பக்கம் முன்பு வழிவிட்ட அதே பையன்கள் இப்போது துப்பாக்கியை நீட்டித் திரும்பிப் போகச் சொன்னார்கள். "கூம் வீட்டுக்குடா" என்று மேடம் கெஞ்சினார். "கூமெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றான் ஒருவன். அவன் வாயில் அன்றைக்கு நாங்கள் கொடுத்த பக்லாவாவின் பாகு இன்னும் காய்ந்திருக்காது. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. என்ன செய்ய, பின்னால் எடுத்துத் திருப்பினேன்.

கூடத்துக்கு வந்ததும் மேடம் நேரே மகனிடம் போனார். "கிளம்பு. லாரி ஓடிக்கிட்டேதான் நிக்குது. எல்லாரும் ஏறுங்கடா, எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்."

"வயசானவங்க இருக்காங்க, குழந்தைங்க இருக்காங்க. அவங்களை ஊரை விட்டுக் கிளப்பறதுக்காவது நேரம் வேணும்" என்றார் வாத்தியார். அவர் குரல் விசிலைப் போலக் கீச்சிட்டது. "விடியற வரைக்கும் பாலத்துல ஆள் நின்னாப் போதும். தூரத்துலேர்ந்து பாத்தாத் துப்பாக்கிதானே?"

ஷேஃபிக் துப்பாக்கியைப் பழையபடி மாட்டிக்கொண்டிருந்தான், ராவிய ஊசியோடு. "ஆமாம்மா. எதிர்ல நிக்கறவனுக்கு இது சுடாதுன்னு தெரியவா போவுது?"

"தெரியும்டா! ராவினவனே அவன்தானேடா!"

ஷேஃபிக் துப்பாக்கியைக் கீழே வைத்தான். பிறகு அம்மாவின் கன்னத்தில் கிரீஸ் படாமல் புறங்கையால் தடவினான். "எல்லாருக்கும் சொல்லியிருக்க மாட்டாங்கம்மா" என்றான். அவன் நம்பித்தான் சொன்னானா, அம்மாவுக்காகச் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

விடிய விடிய நான் கிழவர்களையும் குழந்தைகளையும் ஆற்றுக்கு இந்தப் பக்கத்து மலையைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டேன். கடைசி நடை முடிந்து திரும்பியபோது வெளுத்துவிட்டது. மேடம் ரொட்டிக்கடை வாசலில் நின்றிருந்தார். அங்கிருந்து பாலம் தெரியும். லாரியை அவர் பக்கத்தில் நிறுத்தினேன், எஞ்சினை அணைக்கவில்லை. பையன்கள் பாலத்தின் முனையில் வரிசையாக நின்றிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையிலேயே ஒரு படை மாதிரிதான் இருந்தது. ஷேஃபிக்கை முடியை வைத்தே அடையாளம் கண்டேன்.

அவர்கள் வந்தார்கள். ஓடி வரவில்லை. மணல் மூட்டைக்குப் பின்னால் பதுங்கவில்லை, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஊர்ந்து வரவில்லை. பாலத்தின் நட்ட நடுவில், சந்தைக்குப் போகிறவர்களைப் போல நிமிர்ந்து நடந்து வந்தார்கள். நீட்டிய துப்பாக்கிகளுக்கு எதிரே ஒருவனாவது தலையைக் குனிய வேண்டாமா? குனியவில்லை. ஒரே சீராக பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் அடிப்பாகம், எங்கள் லாடம், இடதும் வலதும் ஜோடி பிசகாமல்.

"எல்லாருக்கும் சொல்லியிருக்கான்" என்றார் மேடம்.

பையன்களின் கையிலிருந்து துப்பாக்கிகளை, குழந்தையிடமிருந்து விளையாட்டுச் சாமானைப் பிடுங்குவது போல வாங்கிக் கீழே போட்டார்கள். எங்கள் பையன் ஒருவன் வேட்டைத் துப்பாக்கியால் சுட்டான். அவனை அங்கேயே சுட்டார்கள். வாத்தியாரும் விழுந்தார். மற்றவர்களைத் தலைக்குமேல் கை வைக்கச் சொல்லி நடத்திக்கொண்டு வந்தார்கள். என்னை லாரியிலிருந்து இழுத்துக் கீழே தள்ளினார்கள், பையன்களைப் பின்னால் ஏற்றினார்கள். விதோயே அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர் என்ன ஆனார் என்று அப்புறம் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எதையும் நான் நம்பவில்லை.

மேடம் கோய்கோவின் முன்னால் போய் நின்றார். அழவில்லை. முந்தின நாள் கிரீஸ் பட்ட உடுப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். மேனேஜர்களின் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் செய்கிற அதே பழக்கம்.

"தம்பி, எனக்கு அந்த ஒரு பையன் போதும். உனக்கு என்ன வேணும் சொல்லு. தோலா, துணியா, டீசலா, மருந்தா? உலகத்துல எங்க இருந்தாலும் கொண்டாந்து குடுக்கறேன். என்னைப் பத்தி உனக்குத் தெரியும். என்ன வேணும், சொல்லு."

கோய்கோ உண்மையாகவே கொஞ்சம் யோசித்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். லாரியைப் பார்த்தான், பாலத்தைப் பார்த்தான், திறந்திருந்த ரொட்டிக்கடையைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான்.

"ஒண்ணும் வேணாம் மேடம்" என்றான். "எல்லாம் இருக்கு."

லாரி பாலத்தின் பக்கம் கிளம்பியது. பின்பலகையின் மேலாக ஷேஃபிக்கின் தலை தெரிந்தது, காடு மாதிரி வளர்ந்த முடி. அவன் எங்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. மேடம் லாரியின் பின்னால் ஓடவில்லை. சிப்பாய்கள் போகச் சொன்ன பிறகும் நகராமல், நின்ற இடத்திலேயே நின்று, எதிரே யாருமில்லாத பாலத்தைப் பார்த்து, "என்ன வேணும்னு சொல்லு, என்ன வேணும்னு சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை.